குற்றாலத்தில் இன்னொரு சீஸன்

குற்றாலத்தில் 'சீஸன்' என்றால் சாரல்தான். ஜூன் மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் தண்ணீர் தெளித்ததோ இல்லையோ, தென்காசி ஸ்டேஷனில் துண்டும் எண்ணெய்ச் சீசாவுமாக ஜனங்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அதே சமயத்தில் இன்னொரு சீஸனும் தொடங்குகிறது. அருவிக்குப் போகும் அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கல்லூரிகள் திறந்து, விளையாட்டு அணிகளுக்கு ஆள் எடுக்கும் காலம் அது!

1964-ல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி ஏற்பட்ட பிறகு, இந்தப் பக்கத்துப் பெண்கள் பட்டப் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு மூட்டை கட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. படிப்பு வந்தால் விளையாட்டும் கூடவே வரத்தானே செய்யும்? அவற்றில் கூடைப் பந்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இதற்குப் பெரிய மைதானம் வேண்டாம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு சிமெண்டுத் தரை. பத்தடி உயரத்தில் இரண்டு வளையங்கள். அவ்வளவுதான். ஆனால் சாரல் நனைத்த சிமெண்டுத் தரை எப்படிப்பட்டது என்பது, அருவிப் பாறையில் பாசி வழுக்கி உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்! ஊரெல்லாம் கொண்டாடும் சாரல், திறந்தவெளியில் பந்து பழகும் பெண்ணுக்கு மட்டும் சத்துரு.

தரை காய்ந்ததும் பந்தயங்கள் வரும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஜில்லாக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் மோதிப் பார்த்து, கெட்டிக்காரிகளைப் பொறுக்கிப் பல்கலைக் கழக அணி அமைப்பார்கள். பிறகு தென் மண்டலப் போட்டி. அதிலும் முன்னணியில் நின்றால் அகில இந்தியப் போட்டி. பட்டப் படிப்பு மூன்று வருஷம். ஆக, ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது மூன்றே சீஸன். கை பழகி, கண் பழகி, ஆட்டம் பிடிபடும்போது பட்டம் கையில் வந்துவிடுகிறது. அப்புறம் ஜாதகம்!

"பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குதியாட்டம்?" என்று கேட்கும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர், பீச் பழக் கூடைகளை உயரே மாட்டி இந்த ஆட்டத்தை ஏற்படுத்தியது 1891 டிசம்பரில். இரண்டு வருஷம் நிறைவதற்குள், 1893 மார்ச்சில், ஸ்மித் கல்லூரிப் பெண்கள் இதைப் பந்தயமாகவே ஆடிவிட்டார்கள். ஏற்பாடு செய்தவர் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை. இளம் வயதில் நோஞ்சானாக இருந்து, தேகப் பயிற்சியால் தேறியவர். பந்தயம் பார்க்க ஆண்களுக்கு அனுமதியே இல்லை! தொடக்கத்திலேயே ஒரு பெண்ணுக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை. பந்தைப் பிடுங்கக் கூடாது, அவரவர் பகுதியைவிட்டு நகரக் கூடாது என்றெல்லாம் அம்மாள் பெண்களுக்காகத் தனி விதிகள் செய்தார். நகரக் கூடாது என்றது எனக்கு என்னவோ அதிகப்படியாகத்தான் தோன்றுகிறது. இன்றைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஆண்களைப் போலவே நாற்பது நிமிஷம் ஓட வேண்டும். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பெண்களுக்குப் பந்து மட்டும் சற்றுச் சிறியது.

சரி, ஜாதகத்துக்குப் பிறகு? சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியானவர், ரயில்வேயில் உத்தியோகம். கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகு மறுபடி களத்தில் இறங்கினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதிப் பந்தயத்தில், கஜகஸ்தானை 75-க்கு 73 என்று இந்தியப் பெண்கள் வென்றார்கள். அந்த அணியில் அவரும் இருந்தார். இரண்டே பாயிண்டு வித்தியாசம். பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும்! 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தென்காசி ஆச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அதுவரைக்கும் பிள்ளையை யாரு பாத்துக்கிட்டா?" என்றுதான் முதலில் கேட்பாள். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "கடைசிப் பந்து யாரு போட்டது?" என்றும் கேட்பாள்.