புதுச்சேரி கைமாறிய வரலாறு

நாடொன்றின் ஆட்சி வாளினாலேயே மாறும் என்பது பழைய வரலாற்று நூல்கள் நம் உள்ளத்தில் பதித்த எண்ணம். சொல்லினாலும் அது மாறக்கூடும் என்பதற்குப் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள புதுச்சேரி சான்றாகும்.

1947 இல் ஆங்கிலேயர் இந்தியாவை விட்டகன்ற பின்னரும் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்து இடங்கள் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தன. இந்தியா அவற்றைக் கேட்டது; பிரான்சு தயங்கிற்று. அத்தயக்கத்துக்குச் சட்டக் காரணமும் ஒன்றுண்டு. ஒரு நிலப்பகுதியை அங்கு வாழும் மக்களின் சம்மதமின்றிப் பிறர்க்கு ஈதல் கூடாதென 1946 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியல் யாப்பு விதித்திருந்தது.

ஆதலின், மக்களையே வினவுவதென 1948 யூன் மாதத்தில் இரு அரசுகளும் உடன்பட்டன. மறு ஆண்டில் சந்திரநாகூர் மக்கள் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய விரும்பியோர் 7,473 பேர். மறுத்தோர் 114 பேர். ஏனைய நான்கு இடங்களிலோ வாக்கெடுப்பை எவ்வாறு நடத்துவது என்பதிற் பிணக்கு நீண்டது. இதற்கிடையில் மக்கள் இயக்கமும் வலுத்தது.

ஈற்றில் இரு திறத்தாரும் ஒரு நடுவழி கண்டனர். சர்வசன வாக்கெடுப்புக்குப் பதிலாக, மக்கள் தெரிந்த பிரதிநிதிகளின் வாக்கையே மக்கள் சம்மதமாகக் கொள்ள இசைந்தனர். 1954 ஒக்டோபர் 18 இல் கீழூரிற் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1 இல் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

நிருவாகம் வேறு, இறைமை வேறு. இறைமையை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28 இற் கைச்சாத்தாயிற்று. அல்ஜீரியப் போர் நிகழ்ந்த அவ்வாண்டுகளிற் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் தாமதித்தது. 1962 ஓகஸ்ட் 16 இலேயே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும், பிரெஞ்சு மொழிக்கு ஓர் இடத்தையும் அது அளித்தது. கொடுத்தவரும் மானம் இழந்திலர்.

கோவாவிலோ போர்த்துக்கல் விட்டுக்கொடுக்க மறுத்தது. 1961 டிசம்பரில் இந்தியப் படை புகுந்தது.

புதுச்சேரியிலும் மக்கள் யாவரும் நேரே வினவப்பட்டிலர். 178 பேரே அனைவர்க்குமாகப் பேசினர். இக்குறையை நாம் மறைத்தல் தகாது. எனினும், நிலத்துக்கான வழக்கில் அந்நிலத்தில் வாழ்வோரின் சம்மதமும் வேண்டுமென்பதை இரு அரசுகளும் ஏற்றன. வரலாறு பயிலும் நம் மாணவர் உளங்கொள்ளத்தக்கது இதுவேயாம்.