டேப் விசையும் இடைவெளியுள்ள பெயர்களும்

மும்பையின் தாராவியில் தமிழ் வழியில் கற்பிக்கும் மாநகராட்சிப் பள்ளிகள் உள்ளன. அத்தகைய பள்ளியொன்றின் லினக்ஸ் கணினியில், பாடங்கள் பதிந்த பென் டிரைவை ‘கணக்குப் பாடம்’ என்னும் அடைவில் ஆசிரியர் பொருத்துவதாகக் கொள்வோம். வேலை முடிந்தபின் ‘யூமவுண்ட்’ கட்டளையுடன் பெயரின் முதலெழுத்துகளை இட்டு டேப் விசையை அழுத்துகிறார். சில கணினிகளில் பெயரின் நடுவே 040 என்னும் எண் தோன்றுகிறது; அத்தகைய பொருத்துமிடம் இல்லை எனக் கட்டளையும் மறுக்கிறது. இதற்குக் காரணம் யாது?

பொருத்தப்பட்ட சாதனங்களின் பட்டியலை லினக்ஸ் ‘புரோக் மவுண்ட்ஸ்’ என்னும் கோப்பில் காட்டுகிறது. ஒவ்வொரு வரியிலும் சாதனம், பொருத்துமிடம், கோப்பு முறைமையின் வகை முதலிய ஆறு புலங்கள் இடைவெளியால் பிரிக்கப்பட்டுள்ளன. ஆதலால் பெயருக்குள் வரும் இடைவெளி, பின்சாய்கோட்டுடன் 040 என எழுதப்படுகிறது. எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 040 என்பது நான்கு எட்டுகள், அதாவது 32. அஸ்கி அட்டவணையில் இடைவெளிக்குரிய எண்ணும் அதுவே. டேப் விசைக்கு விடை தரும் துணைநிரல் இதனை மீண்டும் இடைவெளியாக மாற்றத் தவறுவதே பிழைக்குக் காரணம்.

கட்டளை மறுத்தமையால், சாதனம் முன்னரே கழற்றப்பட்டதெனக் கருதிப் பென் டிரைவைப் பிடுங்குதல் கூடாது. எழுதப்படாத தரவு நினைவகத்தில் காத்திருக்கக்கூடும், அது அழிந்துபோகும். ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையால் உண்மை நிலையை அறிந்து, முழுப் பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் கழற்றுதல் வேண்டும். பெயர் வைக்கும்போதே இடைவெளிக்கு மாற்றாகச் சிறுகோடு இடுவது நல்ல முன்காப்பாகும். டேப் விசை தட்டெழுதும் உழைப்பைக் குறைக்கும். சாதனத்தின் நிலைக்கு அது சான்றாகாது.