வழியில் இருப்பவரை அழைக்காதீர்

அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாங்கள் அன்றாடம் கேட்கும் கேள்வி, "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்பதாகும். வண்டி ஓட்டிவரும் மகனிடமோ மகளிடமோ கைப்பேசியில் கேட்கப்படுவது அது. அன்பினால் எழுவதுதான், ஆயினும் ஆபத்தானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திரையை இரண்டு நொடி நோக்குவதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். தலைக்கவசத்துள் கைப்பேசியைச் செருகிக்கொண்டாலும் பயனில்லை. கண் சாலையில் இருப்பினும் கருத்து நோயாளியின் படுக்கையருகே சென்றுவிடும். குறுக்கே வருபவரைக் கண்டும் மூளை உணரத் தாமதிக்கும்.

சொல்லியே ஆகவேண்டிய செய்தியெனில், உடன் வருபவரை அழையுங்கள். தனியே வருகிறாரெனில், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நிறுத்திய பின்னரே பேசுங்கள். கையொப்பத்திற்காக அவர் விரைய வேண்டியதில்லை. உயிர்காக்கும் சிகிச்சையை அவர் வரும்வரை நாங்கள் நிறுத்திவைப்பதில்லை.