கடற்பசுவும் கம்பிச் சுருக்கும்



யாழ்ப்பாணக் கடலில் வாழும் ஒரு பிராணியைப் பற்றி மலையில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது, கடைசிவரை வாசியுங்கள்.

யாழ்ப்பாணத் தீவுகளுக்கு மேற்கே இருப்பது பாக்கு விரிகுடா. அங்கேயும் மன்னார்க் கடலிலும் கடற்பசு வாழ்கிறது. ஆவுளியா என்றும் சொல்வார்கள். அது மீன் இல்லை; குட்டி போட்டுப் பால் கொடுக்கும். கடலடியில் முளைக்கும் புல்லை மேயும். மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே வர வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் செத்துப்போகும். மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போடும். ஆகவே ஒன்று செத்தாலும் பெரிய நஷ்டம்.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டு முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கொன்றால் குற்றம். ஆனாலும் அது குறைந்துகொண்டே வந்தது. காரணம், யாரும் வேண்டுமென்று கொல்லாவிட்டாலும் மீனுக்குப் போட்ட வலையில் அது மாட்டிக்கொள்கிறது. மேயும் புல்லும் அழிகிறது.

அதனால் எது ஆபத்து என்று பார்த்து அதைக் குறைக்க அரசாங்கங்கள் திட்டம் போட்டன. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. யாழ்ப்பாண மீனவர்களும் அதைத்தான் கேட்டுப் போராடினார்கள். புல் இருந்தால்தானே மீனும் இறாலும் பெருகும்! அதே விரிகுடாவின் அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுவுக்கென்று ஒதுக்கியது. கடலுக்கு வேலி இல்லை; இரண்டு கரையும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

இனி நம் மலைக்கு வருவோம். சிறுத்தைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கே சிறுத்தைக்கென்று யாரும் கம்பி கட்டுவதில்லை. மரக்கறியைத் தின்ன வரும் பன்றிக்குத்தான் கட்டுகிறார்கள். ஆனால் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்தது. அங்கே வலை, இங்கே கம்பி. இரண்டும் ஒரே கதைதான்.

பன்றியால் உங்களுக்கு வரும் நஷ்டம் எங்களுக்குத் தெரியும். அதற்கு நாலு வீட்டுக்காரர் சேர்ந்து நல்ல வேலி அடைப்போம். சுருக்குக் கட்ட வேண்டாம். அந்தப் பாதையில் நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் தோட்டக் காரியாலயத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உடனே அறிவியுங்கள்.

திட்டம் கொழும்பில் போடலாம். கம்பியை அவிழ்க்க வேண்டியது நாம்தான்.