முதலில் தேவை வாடிக்கையாளர்

ஹனூர் இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன் சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் தமிழ்நாட்டு பக்தர்களுக்குப் பழகிய ஊர். சர்வர் பிராசசர்களின் சந்தையைப் பற்றிப் பேச இது பொருந்தாத இடம் என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சந்தையின் தேவை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் வந்து சேர வேண்டும். 2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் தொடங்கிவைக்கப்பட்ட கிருஹலட்சுமி திட்டத்தில், ஹனூரில் ஒரு குடும்பத்தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வந்து சேர, மாநில அரசின் சர்வரும் ஆதார் சர்வரும் வங்கி சர்வரும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தாலும், ‘பூமி’ திட்டத்தில் பஹணி என்ற நிலப் பதிவேட்டை எடுத்தாலும் அதே கதை. டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் யுபிஐ வழியாக ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. இந்த வேலையில் பெரும்பகுதியைத் தாங்குவது வெளிநாட்டு நிறுவனங்களின் பிராசசர்கள், குறிப்பாக இன்டெலின் ஜியானும் ஏஎம்டியின் எபிக்கும்.

நம்மிடம் சொந்த சர்வர் பிராசசர் இல்லாததற்கு மூளை இல்லை, பணம் இல்லை, தொழிற்சாலை இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. மூளை இல்லை என்பது பொய். உலகின் பெரிய சிப் நிறுவனங்களின் வடிவமைப்புக் கூடங்கள் பெங்களூருவில் வரிசையாக நிற்கின்றன. பணமும் தொழிற்சாலையும் உண்மையான தடைகள்தாம், ஆனால் அவை இரண்டாம் இடத்துக்குரியவை. ‘நீ செய்து முடி, இத்தனை எண்ணிக்கையை இன்ன விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று முன்கூட்டியே கையெழுத்திடும் வாடிக்கையாளர் இல்லாததே முதல் தடை என்பது என் வாதம்.

இதற்கான மிக நல்ல சான்று ஹனூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. கொள்ளேகாலை அடுத்த சிவனசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து விழுகிறது. அங்கே மைசூர் சமஸ்தானம் நீர்மின் நிலையம் கட்டியபோது அந்த மின்சாரத்தைக் கேட்டு எந்த நகரமும் காத்திருக்கவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி உழைத்த கோலார் தங்கவயல் காத்திருந்தது. சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த உறுதியின் பலத்தில்தான் திவான் சேஷாத்ரி ஐயர் இவ்வளவு பெரிய முதலீட்டுக்குத் துணிந்தார். 1902 ஜூனில் சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி வழியே மின்சாரம் போனது. அன்றைய உலகில் அது மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. இயந்திரங்கள் எதுவும் உள்ளூரில் செய்தவை அல்ல. மின் கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்தும், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ்ஸிடமிருந்தும் வந்தன. சுரங்கத்தின் தேவைக்காகக் கட்டிய நிலையத்திலிருந்துதான் 1905-ல் பெங்களூரு தெருக்களுக்கு விளக்கு வந்தது. நிலையான ஒரு வாடிக்கையாளர் முதல் செலவைத் தாங்கினார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

சிப் தொழிலின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த மின்சுற்று விலை மிகுந்த புதுப்பொருள். அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினிக்கும் மினிட்மேன் ஏவுகணைக்கும் அமெரிக்க அரசு அவற்றைப் பெருமளவில் வாங்கியது. உற்பத்தி பெருகியது, விலை இறங்கியது, அதன் பிறகே சாதாரண வாடிக்கையாளர் வந்தார். நம் காலத்தில் அமேசானைப் பாருங்கள். 2018-ல் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பில் கிராவிடான் என்ற சொந்த பிராசசரை அது அறிவித்தது. அதற்குக் கடை விரிக்க வேண்டியிருக்கவில்லை, அமேசானின் டேட்டா சென்டர்களே வாங்கிக்கொண்டன. கடந்த இரண்டு ஆண்டுகளில் தாங்கள் புதிதாகச் சேர்த்த பிராசசர் திறனில் பாதிக்கு மேல் கிராவிடான்தான் என்று 2024-ல் அந்நிறுவனம் சொன்னது. மைக்ரோசாஃப்ட் 2023-ல் கோபால்ட்டையும், கூகுள் 2024-ல் ஆக்ஸியானையும் அறிவித்தன. மூன்றும் தங்களுக்குத் தாங்களே வாடிக்கையாளராக இருக்கும் நிறுவனங்கள். அந்த வசதி இல்லாத ஏஎம்டி பட்ட பாடு வேறு. ஆப்டெரான் என்ற முந்தைய பிராசசரால் சர்வர் சந்தையில் பிடித்த இடத்தை அது அநேகமாக முழுவதும் இழந்தது. 2017-ல் எபிக்கோடு திரும்பி வந்து, விற்பனை எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கை எட்ட ஏழு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. நல்ல சரக்கு இருந்தும் இந்தத் தாமதம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தொட யாருக்கும் மனம் வராது என்பதே காரணம்.

நம் கதை இங்கேதான் வலிக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இந்தியா கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்தது. அதன் விளைவாக 1988-ல் அரசின் கணினி ஆராய்ச்சி மையமான சி-டாக் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் உருவானது. அதன் உள்ளே இருந்தவை பிரிட்டனின் டிரான்ஸ்பியூட்டர் சிப்கள். 2015-ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் புணே, டெல்லி, கொல்கத்தாவில் பரம் ருத்ரா கணினிகள் தொடங்கிவைக்கப்பட்டன. இப்போது சர்வரின் வடிவமைப்பு நம்முடையதாகிவிட்டது. அதில் பொருத்தும் பிராசசர் மட்டும் இன்னும் இன்டெலுடையது. சென்னை ஐஐடியில் காமகோடி குழுவினரின் ‘சக்தி’ பிராசசர் 2018-ல் சிலிக்கானாகவே வெளிவந்துவிட்டது. பெரிய சர்வருக்காக சி-டாக் வடிவமைத்துவரும் ‘ஆம்’ பிராசசரில் 96 கோர்கள். ஆர்ம் கட்டமைப்பு, தைவானின் டிஎஸ்எம்சியில் 5 நானோமீட்டர் முறையில் தயாரிக்கும் திட்டம். அது கைக்கு வரும் நாளில் எத்தனை சிப்களை எந்தத் துறை வாங்கும் என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது?

‘அரசு வாங்கும் என்று உறுதி கொடுத்தால் மட்டமான சரக்கை மக்கள் தலையில் கட்டிவிடுவார்கள்’ என்பது முதல் எதிர்வாதம். இந்தப் பயம் நியாயமானது. 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப்போடு சர்வர்களின் இறக்குமதிக்கும் உரிமம் கட்டாயம் என்று அறிவித்துவிட்டு, உடனேயே அதைத் தள்ளிவைத்து, பிறகு பதிவு முறையாக மாற்ற வேண்டிவந்தது. கதவை அடைப்பதால் சந்தை உருவாகாது. நான் கேட்பது தடை அல்ல. அரசு புதிதாக வாங்கும் சர்வர்களில் சிறிய பங்கு, இந்த அளவு மின்சாரத்தில் இந்த அளவு வேலை என்ற எழுத்துப்பூர்வமான நிபந்தனை, அதை எட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. தங்கவயலின் சுரங்க நிறுவனங்களும் மின்சாரம் வந்து சேர்வதற்குத்தான் பணம் கொடுத்தன.

‘இது செயற்கை நுண்ணறிவின் காலம், ஜிபியு என்ற வரைகலை பிராசசர் இருக்கும்போது சாதா பிராசசர் எதற்கு’ என்று கேட்பவர்கள் அதிகம். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் டேட்டா சென்டர் வருமானம் 11,500 கோடி டாலரைத் தாண்டியதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அதே என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஹெச்100 பெட்டியைத் திறந்தால் எட்டு ஜிபியுக்களோடு இரண்டு ஜியான் பிராசசர்கள் இருக்கும். அவை இல்லாமல் ஜிபியுவுக்கு வேலை போய்ச் சேராது. ஹனூர் பெண்ணின் 2,000 ரூபாய்க்கோ ஜிபியுவே வேண்டியதில்லை.

‘பிரிட்டனின் ஆர்ம், தைவானில் தயாரிப்பு, இதில் எது சுதேசி?’ என்ற கேள்வி கடினமானது. தைவான் நீரிணையில் போர் மூண்டால் ‘ஆம்’ நின்றுபோகும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அன்று அதே தைவானில் தயாராகும் ஏஎம்டியும் என்விடியாவும் சேர்ந்தேதான் நிற்கும். சிப்பின் உள்ளே என்ன இருக்கிறது, பிழை வந்தால் யார் திருத்துவது, விற்பனையை யார் நிறுத்த முடியும் என்ற மூன்றும் வடிவமைப்பவர் கையில் இருக்கின்றன. தயாரிப்பை வேறு ஆலைக்குப் பின்னர் மாற்றலாம், செலவாகும் என்றாலும். வடிவமைப்பே இல்லாதவருக்கு மாற்ற எதுவும் இல்லை.

ஒர்க்ஸ்டேஷன் சந்தையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பேன். சென்னையின் கார் வடிவமைப்பாளரும் விஎஃப்எக்ஸ் கலைஞரும் பயன்படுத்தும் மென்பொருள்கள் குறிப்பிட்ட பிராசசர்களில் சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை. அங்கே அரசின் கொள்முதலுக்குச் செல்வாக்கு இல்லை. சர்வரில் நிலைமை நேர்மாறு. அங்கே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ், அது ஆர்மில் ஏற்கெனவே ஓடுகிறது என்பதற்கு கிராவிடானே சான்று.

எனவே செய்ய வேண்டியது டெண்டரில்தான் இருக்கிறது. சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் அடுத்த கட்டத்திலும், ஆதாரின் டேட்டா சென்டர்களிலும், கர்நாடக, தமிழ்நாட்டு மாநில டேட்டா சென்டர்களிலும் வரும் ஐந்தாண்டுகளுக்கான சர்வர் தேவையை ஒரே பட்டியலாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கை உள்நாட்டு வடிவமைப்புக்கு ஒதுக்கி, விலையையும் செயல்திறனையும் எழுதி இப்போதே கையெழுத்திட வேண்டும். சிப் வந்த பிறகு டெண்டர் தயாரிக்க உட்கார்ந்தால் அந்த ஐந்தாண்டுகளுக்கான சாக்கெட்டுகளில் ஜியானும் எபிக்கும் முன்பே உட்கார்ந்திருக்கும்.