கேட்டதற்கு மட்டும் விடை

இணையத்தில் ஒருவர் தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்க உதவும் மின்னடையாளத்துக்கான சட்டமொன்றை, 2021 மார்ச் 7 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் சுவிட்சர்லாந்து மக்கள் 64.4 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்தனர். கடவுச்சீட்டை வழங்கும் அரசு, மின்னடையாளத்தை வழங்கும் பொறுப்பை மட்டும் தனியார் நிறுவனங்களிடம் விடலாமா என்பதே எதிர்த்தவர்களின் முதன்மையான கேள்வி.

அத்தோல்விக்குப் பின் அந்நாட்டு அரசு தேர்ந்துகொண்டது பரவலாக்கப்பட்ட அடையாளம் எனப்படும் முறை. நடுவண் தளமொன்றைக் கேட்டுக் கேட்டே ஆளை உறுதிசெய்யும் முறையில், யார் எப்போது எங்கே நுழைந்தார் என்ற தடயம் அத்தளத்தில் சேர்ந்துகொண்டே போகும். புதிய முறையிலோ அரசு, பெயர், பிறந்த நாள் முதலிய விவரங்களுக்கு மின்கையொப்பமிட்டு, அச்சான்றை உரியவரின் கைபேசியிலுள்ள பணப்பைச் செயலியில் சேர்த்துவிடுகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் பொதுப் பதிவேட்டில் இருப்பதால், சான்றைக் காண்பவர் இவர் யார் என்று அரசிடம் விசாரிக்க வேண்டியதில்லை.

இம்முறையின் உண்மையான அழகு, வேண்டியதை மட்டும் காட்டும் வசதியில் இருக்கிறது. வயதை உறுதிசெய்ய அட்டையை வாங்கிப் பார்க்கும் கடைக்காரர், தமக்குத் தேவையற்ற பெயரையும் பிறந்த நாளையும் சேர்த்தே அறிந்துவிடுகிறார். மின்சான்றில் ஒவ்வொரு விவரமும், மூலத்தை மீட்டெடுக்க முடியாத ஒரு கணித முத்திரையாக மாற்றப்பட்டு, அம்முத்திரைகளின் தொகுப்பின் மீதே கையொப்பம் இடப்படுகிறது. ‘18 வயது நிரம்பியவர்’ என்ற ஒன்றை மட்டும் உரியவர் திறந்து காட்ட, அதிலிருந்து கணக்கிட்ட முத்திரை தொகுப்பில் உள்ளதோடு பொருந்தினால் போதும், மற்றவை மூடியே இருக்கும். ஆயினும் ஒரே கையொப்பத்தைப் பல இடங்களில் காட்டினால் அதுவே ஆளைப் பின்தொடரும் தடயமாகிவிடும் என்பதால், வெவ்வேறு கையொப்பங்கள் கொண்ட பல படிகளை ஒருவருக்கு வழங்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் செய்கின்றனர்.

கணிதத்தால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. எல்லா விவரத்தையும் காட்டினால்தான் சேவை கிடைக்கும் என்று வலிமையுள்ள நிறுவனமொன்று நிபந்தனை விதித்தால், பயனரின் கட்டுப்பாடு ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடும். எனவே கேட்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டமே இங்கு முதன்மை பெறுகிறது. 2025 செப்டம்பர் 28 அன்று மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்த சுவிஸ் சட்டம், மின்னடையாளத்தை அரசே இலவசமாக வழங்கும், அதைப் பெறுவதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று வகுத்தது. அப்படியிருந்தும் அது 50.4 விழுக்காட்டு ஆதரவுடன் மயிரிழையில்தான் நிறைவேறியது. இன்று விருப்பம் என்பது நாளை நடைமுறையில் கட்டாயமாகிவிடும் என்று எதிர்த்தோர் அஞ்சினர். நேரில் வருவோரிடம் மின்னடையாளத்தை ஏற்பவர்கள், வழக்கமான அடையாள அட்டையையும் ஏற்றாக வேண்டும் என்னும் விதி அந்த அச்சத்துக்குச் சட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்ட விடை.