எரியப்போகும் எண்ணெய்

விலை கூடிய ஆயில்தான் நல்ல ஆயில் என்பது கார் வைத்திருப்பவர்களின் நம்பிக்கை. அதே நம்பிக்கையில் காருக்கான உயர்தர சிந்தெடிக் ஆயிலை வாங்கி, ஃபைபர் வள்ளத்தின் பின்னால் தொங்கும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினின் மண்ணெண்ணெயில் கலந்தால் எஞ்சின் கெட்டுப்போகும். ஆயிலில் ஒரு குறையும் இருக்காது. எரிவதற்காக அதை யாரும் தயாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நீளும் குமரிக் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்கள். கட்டுமரமும் பாயும் துடுப்பும் ஆண்ட இந்தக் கரைக்கு அவுட்போர்டு எஞ்சின் பரவலாக வந்தது 1980களில். பெல்ஜியத்துப் பாதிரியார் பியர் ஜில்லே முட்டத்தில் பிளைவுட் படகுகளைச் செய்து காட்டியதும் அந்தக் காலத்தில்தான். பிறகு ஃபைபர் வள்ளம் வந்தது. இன்று வள்ளக்காரருக்கு வலைக்கு அடுத்த பெரிய முதலீடு எஞ்சின். அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில் ஆயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கார் எஞ்சினில் ஆயில் அடித்தொட்டியில் தங்கி, பம்பு வழியாகச் சுற்றி, மறுபடி தொட்டிக்கே திரும்புகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்பதால் அதில் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். இவை அழுக்கைக் கரைக்கும், தேய்மானத்தைத் தடுக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் அப்படித் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து உள்ளே போகும் ஆயில், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து வெளியேறுகிறது. அது உழைப்பது ஒரே ஒரு முறை. எனவே இங்கே பார்க்க வேண்டியது அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அல்ல. எரிந்தபின் என்ன மிஞ்சும் என்பதை.

கற்பூரம் எரிந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் ஏறக்குறைய அப்படி இருக்க வேண்டும். கார் ஆயிலில் உள்ள உலோகங்கள் எரிந்து சாம்பலாகின்றன. அந்தச் சாம்பல் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை அடைத்தால் பொறி வராது. பிஸ்டன் தலையில் படிந்து கனன்றால், பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் தீப்பற்றும். நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகும். கரையிலிருந்து பல கடல் மைல் தள்ளி இது நடந்தால் அதை மெக்கானிக் செலவோடு மட்டும் நிறுத்திக் கணக்கிட முடியாது.

இதே தலைவலி உலகின் இன்னொரு மூலையில் பந்தயக் கார் பிரியர்களுக்கும் உண்டு. நம் ஊரில் மஸ்தா என்றால் ஸ்வராஜ் மஸ்தா வேன்தான் நினைவுக்கு வரும். ஜப்பானில் அந்த நிறுவனம் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் ஃபெலிக்ஸ் வான்கெல் வகுத்த ரோட்டரி எஞ்சினை வைத்தது. 1991இல் லெ மான் பந்தயத்தையே ரோட்டரி எஞ்சினால் வென்றது. இதில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி. அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் சுவரில் உரசிக்கொண்டே சுழல்வதால், ஒரு சிறு பம்பு அடித்தொட்டி ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி எரிய விடுகிறது. ஒரே ஆயில் சுற்றவும் வேண்டும், எரியவும் வேண்டும். ஆர்.எக்ஸ்-8 காரின் உரிமையாளர்கள் சிலர் அந்தப் பம்புக்குத் தனித்தொட்டி வைத்து, அதில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுகிறார்கள். வேறு சிலர் நம் வள்ளக்காரரைப் போலவே பெட்ரோலில் கலந்துவிடுகிறார்கள்.

சரி, எந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில்? பைக்குக்கான 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. டப்பாவில் ஜாசோ என்ற தரக்குறியோடு எஃப்.சி., எஃப்.டி. என்றிருக்கும். எஃப்.சி. என்றால் புகை குறைவு, எஃப்.டி. என்றால் அதோடு பிஸ்டனும் சுத்தம். சூடேறும் எஞ்சினில் அழுக்கைக் கரைக்க இவற்றில் சிறிதளவு உலோகம் இருப்பதுண்டு. அவுட்போர்டோ கடல்நீரை உறிஞ்சிக் குளிர்கிறது. மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்கென்று அமெரிக்கப் படகுத் தொழிலினர் வகுத்த தரம் டி.சி-டபிள்யூ3. சாம்பல் தராத ரசாயனங்களே இதில் சேரும். துருப்பிடிக்காமை, தண்ணீர் பட்டாலும் கட்டியாகி ஃபில்டரை அடைக்காமை ஆகியவற்றுக்கும் சோதனை உண்டு. உப்புக்காற்றிலேயே கிடக்கும் எஞ்சினுக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. டப்பாவில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு இந்த எழுத்துகளைத் தேடுவது நல்லது.

மண்ணெண்ணெய் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது எளிதில் ஆவியாகாது, கார்பனும் கூடுதலாக விடும். அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரையணையும் முன் சற்றுநேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தினால் அடுத்த முறை கயிறு இழுக்கும் கைக்கு வேலை குறையும். மலிவு ஆயில் போட்டால் இரண்டு கார்பனும் சேர்ந்து ரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு, எஞ்சினோடு தந்த புத்தகத்தில் உள்ளபடி. ஐம்பதுக்கு ஒன்று என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 400 மில்லி. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் கறுக்கும். ஆயிலுக்குச் சாயம் போடுவது கலந்தது தெரியத்தான். ஆனால் நீலச் சாயமிட்ட ரேஷன் மண்ணெண்ணெயில் கண்ணை நம்ப முடியாது; அளவுக் குப்பி வேண்டும்.

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளின் டீசல் எஞ்சினுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே ஆயில் சுற்றுகிறது. சாம்பலைவிட, உரிய நேரத்தில் மாற்றுவதே முக்கியம். புதிதாக வரும் ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டிலும் ஆயிலுக்கு அடித்தொட்டிதான். அதற்கு எஃப்.சி-டபிள்யூ என்ற முத்திரை.

எந்த அவுட்போர்டானாலும் அடியில், புரொப்பெல்லர் பக்கம், கியர் ஆயில் தனியாக இருக்கிறது. பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். திருகைக் கழற்றும்போது அது பால் நிறத்தில் ஒழுகினால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீலையும் மாற்ற வேண்டும்.